கசப்பிலையைக் கழுவாமலே எழுதிவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் நாளிதழின் இணைப்பில் 'ஆப்பிரிக்காவின் வேப்பிலை' என்று, இங்கே சமைக்கிற கசப்பிலையைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. நான் நைஜீரியாவில் எனுகு நகரத்தில் பதினாறு வருடமாக இருக்கிறேன், தினமும் உங்கள் பத்திரிகையைக் கைப்பேசியில் படித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன், அதனால் தலைப்பைப் பார்த்ததும் ஆசையாகத் திறந்தேன். படித்து முடித்தபோது கோபம் வந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அதைத் தமிழிலிருந்து பெயர்த்துச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். தினமும் காலை வெறும் வயிற்றில் பச்சை இலையை அரைத்துச் சாறு குடிக்கச் சொல்லியிருக்கிறீர்கள் என்று சொன்னேன். "கழுவாமலா?" என்றார். இந்தக் கடிதம் முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

முதலில் சின்னப் பிழைகளைச் சொல்லிவிடுகிறேன். கட்டுரையோடு வந்த படத்தில் ஊதாப் பூ இருந்தது. அது இந்தச் செடி இல்லை, அதே இனத்தில் வேறு ஏதோ ஒன்று. இங்கே பிட்டர் லீஃப் என்று எல்லோரும் சொல்லும் கசப்பிலைச் செடிக்கு வெள்ளைப் பூ, சின்னச் சின்ன தலைகளாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும், மணம் உண்டு, பூத்துவிட்டால் தேனீ மொய்க்கும். சூரியகாந்திக் குடும்பம்தான், ஆனால் பூவைப் பார்த்தால் அந்த உறவு சட்டென்று தெரியாது. நைஜீரியாவில் பலருக்கே இந்தப் பூவைப் பார்த்த ஞாபகம் இருக்காது. காரணம் வேறொன்றுமில்லை, வாரத்துக்கு ஒரு தடவை குழம்புக்கு ஒடித்துக்கொண்டே இருந்தால் செடி எங்கே பூக்கும்? ஊருக்குப் போன வீட்டுக்காரர்களின் கொல்லையில் கவனிப்பாரில்லாமல் ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம் வளர்ந்து நிற்கிற செடிதான் மழை ஓய்ந்த மாதங்களில் பூத்துத் தள்ளும்.

அடுத்தது அந்த 'வேப்பிலை'. கசப்பு என்றதும் நமக்கு வேம்பு ஞாபகம் வருவது சரிதான். ஆனால் வேம்பு இங்கேயே இருக்கிறது ஐயா. ஆங்கிலேயர் ஆட்சியில் வட நைஜீரியாவுக்குக் கொண்டுவந்து நட்டார்கள், இன்றைக்கு அந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு நிழல் கொடுப்பது அதுதான், டோகோன்யாரோ என்று அதற்குத் தனிப்பெயரே உண்டு. காய்ச்சல் வந்தால் அதன் இலையைக் கொதிக்க வைத்துக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆக, ஆப்பிரிக்காவின் வேப்பிலை எது என்று கேட்டால் வேப்பிலைதான். கசப்பிலைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

மூன்றாவது பிழை கொஞ்சம் பெரிசு. ஒரு பத்தியில் கசப்பிலை என்றும் அடுத்த பத்தியில் பிட்டர் கோலா என்றும் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார் கட்டுரையாளர். பிட்டர் கோலா மங்குஸ்தான் இனத்து மரத்தின் கொட்டை, விருந்தாளி வந்தால் தட்டில் வைத்து நீட்டுவார்கள், கடித்துத் தின்பது. 2014இல் எபோலா லாகோஸ் வரைக்கும் வந்தபோது அந்தக் கொட்டை நோயைத் தடுக்கும் என்று ஒரு வதந்தி, உப்புத்தண்ணீரில் குளித்து அதையே குடித்தால் நோய் அண்டாது என்று இன்னொரு வதந்தி. உப்புத்தண்ணீரைக் குடித்துச் சிலர் செத்தே போனார்கள். 'அதிசய மூலிகை' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு வயிறு கலங்குவது அந்த வருஷத்திலிருந்துதான்.

சரி, இப்போது கழுவுகிற விஷயத்துக்கு வருகிறேன்.

நான் இங்கே வந்த புதிதில், ஓக்பெட்டே சந்தையில் ஒரு கட்டு பச்சைப் பசேலென்று இருந்ததைப் பார்த்து வாங்கிவந்தேன். கீரை என்றால் கீரைதானே என்று நினைப்பு. ஆய்ந்து, நறுக்கி, வெங்காயம் மிளகாய் போட்டு வதக்கி ஒரு வாய் வைத்தேன். அதற்குப் பிறகு என்ன சாப்பிட்டாலும் ராத்திரி வரை கசப்பு நாக்கை விட்டு இறங்கவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னேன். "ஓகா, யூ நோ வாஷ் ஆம்?" (ஐயா, நீங்கள் அதைக் கழுவவில்லையா?) என்று இங்கே பேசுகிற பிட்ஜின் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, தன் மருமகளையும் கூப்பிட்டு என்னைக் காட்டிச் சிரித்தார். அன்றைக்கே ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசினைக் கொண்டுவந்து எனக்குப் பாடம் நடத்தினார்.

இலையை ஒரு கை அள்ளி, துணி துவைக்கிற மாதிரி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கசக்க வேண்டும். உடனே சோப்புப் போட்டது போல நுரை வரும், பச்சை நுரை, பேசின் விளிம்பைத் தாண்டும். இலையில் இருக்கிற சப்போனின் செய்கிற வேலை அது. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். மறுபடி கசக்கல், மறுபடி நுரை. நாலு தண்ணீரா, ஆறு தண்ணீரா என்பதற்குக் கணக்கு கிடையாது. அந்த அம்மா நடுநடுவே ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்று பார்ப்பார், தலையை ஆட்டுவார், இன்னொரு தண்ணீர் ஊற்றுவார். இதில் முக்கியமான விஷயம், கசப்பை முழுசாக எடுக்கவும் கூடாது. முழுசாகப் போய்விட்டால் அது வெறும் நார், கொஞ்சம் நின்றால்தான் அது ஓனுக்பு. எங்கே நிறுத்துவது என்பது நாக்குக்குத் தெரிந்த கணக்கு, அதை அவர் தன் அம்மாவிடமிருந்து கற்றிருக்கிறார். எனக்கு இத்தனை வருஷத்திலும் சரியாக வரவில்லை, ஒன்று அதிகமாகக் கழுவிவிடுவேன், இல்லையென்றால் குறைத்துவிடுவேன்.

ஓனுக்பு என்பது இக்போ மொழிப் பெயர். அந்தக் குழம்புக்குப் பெயர் ஓஃபே ஓனுக்பு. அனாம்ப்ரா பக்கத்துக்காரர்களிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் வேலைக்குத் திரும்ப முடியாது, அவ்வளவு பெருமை அவர்களுக்கு. இறைச்சியையும் நார்வேயிலிருந்து வருகிற காய்ந்த காட் மீனையும் (இங்கே ஒக்போரோகோ என்பார்கள், கட்டை மாதிரி இருக்கும், ஊறவைத்து வேகவைத்தால்தான் வழிக்கு வரும்) நன்றாக வேகவிட்டு, செம்பனை எண்ணெய் ஊற்றி, வேகவைத்து உரலில் இடித்த சேப்பங்கிழங்கை உருண்டை உருண்டையாகப் போடுவார்கள். கிழங்கு கரைந்து குழம்பு கெட்டியாகும். மிளகாய், பொடித்த இறால் கருவாடு, அப்புறம் ஓகிரி என்று விதையைப் புளிக்கவைத்து அரைத்த ஒரு விழுது, அதன் வாசனை பழகாதவர்களை வாசல் வரை துரத்தும். கழுவிய இலை கடைசியில்தான் விழும். இடித்த கிழங்கு மாவை உருட்டி இந்தக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். முதலில் எண்ணெயும் மீனும் தெரியும், விழுங்கின பிறகு தொண்டையில் லேசாக ஒரு கசப்பு தட்டும், அந்தக் கசப்புக்காகவே அடுத்த உருண்டை இறங்கும். உங்கள் கட்டுரையில் இந்தக் குழம்பைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. கோடிக்கணக்கானவர்கள் வீட்டில் வேகிற ஒரு கீரையைப் பற்றி எழுதும்போது அது கீரை என்பதையே விட்டுவிட்டு எப்படி எழுத முடிந்தது?

இக்போக்காரர்கள் மட்டும் இல்லை. யோருபா மக்கள் இதை எவுரோ என்பார்கள், எகுசி என்ற ஒரு வகை முலாம்பழ விதையை அரைத்துச் சேர்த்துச் சமைப்பார்கள். ஹௌசாவில் ஷுவாக்கா. எல்லை தாண்டிக் கேமரூனுக்குப் போனால் இந்த இலைதான் அவர்களுடைய தேசிய உணவு, என்டோலே. டுவாலா நகரத்தில் நான் ஒரு தடவை சாப்பிட்டேன். அங்கே கதை வேறு. நிலக்கடலையை வேகவைத்து அரைத்து அதில் இலையைச் சேர்க்கிறார்கள், இறாலும் மாட்டிறைச்சியும் மேலே. கடலையின் கொழுப்பு கசப்பை மூடிவிடுகிறது. இலையைக் கசக்கிக் கை வலிக்க வேண்டாம் என்று கான்வா என்கிற உவர்க்கல்லைப் போட்டுக் கொதிக்கவிடுகிறார்கள், சாட் ஏரிப் பக்கத்திலிருந்து வருகிற கல் அது. இலை சீக்கிரம் மெத்தென்று ஆகும், பச்சையும் மாறாது, அப்புறம் நல்ல தண்ணீரில் அலசிப் பிழிவார்கள். கேமரூனில் இதே இனத்தில் கசப்புக் குறைந்த வேறொரு செடியும் உண்டு, இனிப்புக் கசப்பிலை என்று அதற்குப் பெயர், அந்தப் பெயரைக் கேட்டு நான் சிரித்ததை அங்கே யாரும் ரசிக்கவில்லை.

எதியோப்பியாவுக்குப் போனால் இதே செடி கிராவா. அங்கே தெல்லா என்கிற வீட்டு பீர் காய்ச்சும் பானையைத் தேய்த்துக் கழுவ இந்த இலை. கழுவப்பட வேண்டிய இலையே கழுவுகிறதாக ஆகிவிட்டது, பாருங்கள்! நைஜீரியாவில் இன்னொரு கூத்து நடந்தது. 1988இல் அரசாங்கம் பார்லி மால்ட் (பீர் காய்ச்ச முளைகட்டி உலர்த்திய பார்லி) இறக்குமதிக்குத் தடை போட்டது, பீர் ஆலைகள் சோளத்துக்கு மாற வேண்டியதாயிற்று. மால்ட்டுக்கு உள்ளூர்ச் சோளம் என்றால், பீருக்குக் கசப்பு தருகிற ஹாப்ஸ் பூவுக்குப் பதிலாக உள்ளூரில் என்ன கசப்பு இருக்கிறது என்று தேடிய ஆராய்ச்சியாளர்கள் வந்து நின்ற இடம் இந்தச் செடி. ஆய்வுக்கூடத்தில் காய்ச்சிப் பார்த்துக் கட்டுரை கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். குச்சியை ஒடித்துப் பல் தேய்ப்பவர்கள் இன்றும் உண்டு. வேலிக்கு நடுவார்கள், ஒரு கொம்பை வெட்டிச் செருகினால் போதும், துளிர்த்துவிடும்.

இந்தச் செடிக்கு அறிவியல் பெயர் வைத்த கதையும் எனக்குப் பிடிக்கும். கையோ என்ற பிரெஞ்சுப் பயணி சூடான் பக்கம் போய்ச் சேகரித்து வந்த செடிகளை வைத்து டெலில் என்ற தாவரவியலாளர் 1826இல் வெளியிட்ட தொகுப்பில் இது வெர்னோனியா அமிக்டலினா. அமிக்டலினா என்றால் வாதுமை போன்றது, இலையின் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். மனிதர் நிச்சயம் அதை மென்று பார்த்திருக்க மாட்டார். இப்போது ஜிம்னாந்தமம் என்று வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள், சந்தையில் யாருக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை.

அடுத்து சிம்பன்சி விஷயம். உங்கள் கட்டுரையாளர் இதைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார், 'குரங்குகளே குடிக்கும் சாறு' என்று. நடந்தது என்ன என்றால், 1987 நவம்பரில் தான்சானியாவின் மஹாலே மலைக்காட்டில் உடம்பு சரியில்லாத ஒரு பெண் சிம்பன்சி இந்தச் செடியின் இளந்தண்டை ஒடித்து, இலையைத் தள்ளிவிட்டு, பட்டையை உரித்து, உள்ளே இருக்கிற சோற்றை மட்டும் மென்று சாறை உறிஞ்சிச் சக்கையைத் துப்பியது. மறுநாள் தேறிவிட்டது. பார்த்தவர்கள் இரண்டு பேர், மைக்கேல் ஹஃப்மேன் என்ற ஆய்வாளரும் முகமதி செய்ஃபு கலுண்டே என்ற தான்சானியரும். இது மருந்துச் செடி, எங்கள் தோங்வே மக்கள் வயிற்று நோய்க்கும் காய்ச்சலுக்கும் கொடுப்பது என்று அங்கேயே சொன்னவர் செய்ஃபு. 1989இல் வந்த ஆய்வுக்கட்டுரையில் இருவர் பெயரும் இருக்கிறது. உங்கள் பத்திரிகையில் மட்டும் ஹஃப்மேன் பெயர் இருக்கிறது, செய்ஃபு 'உள்ளூர் வழிகாட்டி' ஆகிவிட்டார். விஷயம் தெரிந்தவரே அவர்தான் ஐயா, அவர் சொல்லியிருக்காவிட்டால் ஏதோ ஒரு குரங்கு ஏதோ ஒரு குச்சியை மென்றது என்றுதான் குறிப்பேட்டில் எழுதியிருப்பார்கள்.

பின்னால் வேறொரு சிம்பன்சி இப்படி மென்றபோது அதன் சாணத்தில் குடல்புழு முட்டைகளை எண்ணிப் பார்த்தார்கள், இருபது மணி நேரத்தில் ஒரு கிராமுக்கு 130 என்பது 15 ஆகக் குறைந்திருந்தது. பெரிய விஷயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டுரையாளர் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. அந்த விலங்கு இலையைத் தின்னவில்லை, பட்டையையும் தின்னவில்லை. தண்டின் சோற்றைவிட இலையில்தான் வெர்னோடாலின் மாதிரியான கடுமையான பொருள்கள் அதிகம், அந்த வெர்னோடாலின் செல்களையே கொல்லக்கூடியது என்று 1969லேயே வேதியியலார் எழுதிவிட்டார்கள். நோய் வந்த குரங்கு, நோய் வந்த அன்றைக்கு, தண்டை உரித்துக் கொஞ்சமாக மென்றது. அதைச் சாட்சிக்கு இழுத்து, நோயில்லாத மனிதரைத் தினமும் ஒரு டம்ளர் பச்சை இலைச் சாறு குடிக்கச் சொல்வது எந்தக் கணக்கு? குரங்குக்கு இருக்கிற நிதானம் நமக்கு இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மலேரியாவைப் பற்றியும் எழுதியிருந்தார், 'முற்றிலும் குணமாகும்' என்று. மனிதர்களிடமே சோதித்த ஆய்வு ஒன்று உகாண்டாவில் நடந்து 2009இல் வெளியானது, அதையாவது பார்த்திருக்கலாம். சிக்கலில்லாத மலேரியா வந்தவர்களுக்கு இந்த இலைக் கஷாயம் கொடுத்துப் பார்த்தார்கள். 14ஆம் நாள் 67 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படித் தேறியவர்களிலேயே 32 சதவீதம் பேருக்குத்தான் ரத்தத்தில் கிருமி முழுசாகப் போயிருந்தது, அவர்களிலும் 71 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்துவிட்டது. அதாவது காய்ச்சல் இறங்கும், ஆள் எழுந்து உட்காருவார், கிருமி உள்ளேயே உட்கார்ந்திருக்கும். மலேரியா எப்படிப்பட்டது என்று எனக்கு மூன்று தடவை வந்து தெரியும். அந்த நிலையில் 'குணமாகிவிட்டது' என்று மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று உங்கள் கட்டுரையாளர் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். சர்க்கரை நோய்க்கும் அதே கதை, எலிக்குச் சர்க்கரை குறைந்த ஆய்வுகள் நிறைய இருக்கின்றன. ஆனால் எலியை வைத்து மாமாவின் மாத்திரையை நிறுத்த முடியாது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் அதன் மேல் இதையும் குடித்துச் சர்க்கரை தடாலென்று இறங்கினால் யார் பொறுப்பு?

இங்கேயும் கழுவின தண்ணீரைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள், அதை மறைக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவே வயிறு சரியில்லை என்றால் முதல் தண்ணீரில் அரை டம்ளர் எடுத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். ஒரு நாள், அதோடு சரி. மறுநாளும் வலித்தால் மருத்துவமனைக்குப் போவார். தினமும் குடிப்பீர்களா என்று கேட்டேன், அது என்ன டீயா என்றார். அவர் வீட்டில் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று அவருக்குத் தெரியும், அந்தக் கோடு அந்த பிளாஸ்டிக் பேசின்தான். பேசினில் கொட்டுகிற தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு, பேசினில் மிஞ்சுகிற கீரையைப் பற்றி எழுதாமல் விட்டதுதான் என்னுடைய குறை.

அதனால் இரண்டு கேட்டுக்கொள்கிறேன். பச்சைச் சாறு யோசனைக்கு ஒரு மறுப்பு போடுங்கள், சின்ன எழுத்தில் ஆறாம் பக்கம் மூலையில் போடாமல் அதே ஞாயிறு இணைப்பில் போடுங்கள், ஏனென்றால் படித்தவர்கள் அங்கேதான் படித்தார்கள். இரண்டாவது, செய்ஃபுவின் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

படத்தை மாற்றுவதாக இருந்தால் சொல்லுங்கள், எடுத்து அனுப்புகிறேன். எங்கள் கொல்லையில் மதிலோரம் ஒரு செடி இப்போது வெள்ளையாகப் பூத்து நிற்கிறது, ஏணி போட்டு ஏறினால் நன்றாக எடுக்கலாம். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், இவ்வளவு உயரம் விட்டால் இலை முற்றிப்போகும் என்று பக்கத்து வீட்டு அம்மா தினமும் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதட்டிக்கொண்டிருக்கிறார், சனிக்கிழமை மருமகளைக் கத்தியோடு அனுப்பப் போவதாகச் சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
எனுகு, நைஜீரியா.